ரங்கூனில் ஒரு சம்பந்தி விருந்து: வீட்டுச் சமையல் சேவை ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

சென்ற ஆவணி மாதத்தில், என் மகனுக்குப் பெண் கொடுக்கவிருக்கும் பர்மியக் குடும்பத்தார் 14 பேரை இரவு விருந்துக்கு அழைத்திருந்தோம். அவர்கள் எங்கள் வீட்டில் கை நனைப்பது அதுவே முதல் தடவை என்பதால், என்ன சமைப்பது, எப்படிப் பரிமாறுவது என்று நானும் என் கணவரும் ஒரு வாரம் பேசிப் பேசி முடிவுக்கு வர முடியாமல் தவித்தோம். கடைசியில், தாமுவே பகுதியில் ஒரு தமிழ்த் தம்பதியர் தங்கள் வீட்டிலிருந்தே நடத்திவரும் விருந்துச் சமையல் சேவையிடம் பொறுப்பை ஒப்படைத்தோம். பெயர்ப்பலகை இல்லை, விளம்பரம் இல்லை. கோயில் விசேஷங்களில் உண்டவர்கள் சொல்லக் கேட்டு ஆட்கள் தேடிப் போகும் இடம் அது.

இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு சமையற்காரரைக் கொண்டு என் கணவரின் அலுவலக நண்பர்களுக்கு விருந்து வைத்தோம். நமக்குப் பெருமையானது எதுவோ அதையெல்லாம் இலையில் அடுக்கினார் அவர். வந்தவர்கள் அப்பளத்தையும் வெறும் சோற்றையும் உண்டுவிட்டு மரியாதையாக நன்றி சொல்லிச் சென்றார்கள். கூட்டும் வற்றல் குழம்பும் தொடப்படாமல் கிடந்த அந்த இலைகளை எடுக்கும்போது எனக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் ஆறவில்லை. வந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கூடக் கேட்காமல் பட்டியல் போட்டதே அங்கு நடந்த தவறு.

இந்தத் தம்பதியரின் வேலை கேள்விகளிலிருந்துதான் தொடங்கியது. வருகிறவர்களில் மூத்தவர் யார், விரதம் இருப்பவர்கள் உண்டா, குழந்தைகள் எத்தனை பேர் என்று தொலைபேசியில் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்ட அந்தத் தம்பி, நான் தேதியைச் சொன்னதும் சற்று நிறுத்தி, "அக்கா, அன்றைக்குப் பௌர்ணமி ஆயிற்றே. பாட்டியம்மா உபோசதம் இருக்கிறவர்களா என்று கேட்டுவிடுங்கள்" என்றார். பர்மிய வாசோ மாதப் பௌர்ணமியில் தொடங்கித் தடின்ஜுத் மாதப் பௌர்ணமி வரை நீளும் பௌத்த மழைக்கால விரதத்தில், உபோசத நாட்களில் எட்டுச் சீலங்கள் என்னும் ஒழுக்க விதிகளை மேற்கொள்ளும் பெரியவர்கள் நண்பகலுக்குப் பின் உணவு உண்பதில்லை. விசாரித்தபோது 81 வயதுப் பாட்டி அந்த விரதத்தைத் தவறாமல் காப்பவர் என்று தெரிந்தது. பிறந்தது முதல் இந்த ஊரில் வாழ்கிற எனக்கு அது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. விருந்தை இரண்டு நாள் தள்ளி வைத்தோம். அந்த ஒரு கேள்விக்காகவே இவர்களுக்குக் கொடுத்த பணம் தகும்.

ஆட்டுக்கறி பிரியாணி வைக்க வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. பர்மியர் 'டான்பவுக்' என்று பிரியாணியை விரும்பி உண்பவர்கள்தாம். ஆனால் பாட்டி அந்த மூன்று மாதமும் புலால் உண்பதில்லை என்பதால், மூத்தவர் தொடாத பதார்த்தத்தைப் பந்தியின் நடுவில் வைக்க வேண்டாம் என்று சமையல் தம்பதியர் தடுத்தார்கள். பெண்ணின் அத்தை சீன வழியினர். அவருடைய சைவ முறையில் வெங்காயமும் பூண்டும் ஆகா. எங்களிடம் அனுமதி பெற்று அந்த அம்மையாரிடமே தொலைபேசியில் பேசியபோதுதான், அவர்கள் விலக்கும் ஐந்து கார வகைகளில் பெருங்காயமும் சேரும் என்பது தெரிய வந்தது. பெருங்காயம் இல்லாத சாம்பாரை எப்படிச் சாம்பார் என்பது என்று நான் மலைத்தேன். அவருக்கென்று ஒரு சிறு பாத்திரத்தில் சீரகமும் மிளகும் கறிவேப்பிலையும் சற்று அதிகம் தாளித்துத் தனியாகச் செய்து வந்தார்கள். ருசியில் அது பெரிய பாத்திரத்துச் சாம்பாருக்குக் குறையவில்லை. மாட்டிறைச்சியைப் பற்றி மட்டும் இரு பக்கமும் பேச வேண்டியிருக்கவில்லை. உழவுக்கு உதவும் மாட்டை உண்ண வேண்டாம் என்று பர்மிய பௌத்தத் துறவி லெடி சயாடோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய வேண்டுகோளை இன்றும் மதிக்கும் குடும்பம் அது.

பட்டியலைப் பார்த்தபோது எனக்குப் பிடித்தது, அதில் இருந்த எல்லாமே நம் வீட்டுச் சமையலாக இருந்தும் ஒவ்வொன்றுக்கும் அவர்கள் வீட்டில் ஒரு உறவு இருந்ததுதான். முருங்கைக்காயைப் புளிப்பாகச் சமைத்து உண்பது பர்மியருக்கும் வழக்கம். அவர்கள் 'சின்பவுங்' என்னும் கீரை நம் புளிச்சகீரையேதான். அதை இறால் சேர்க்காமல் பச்சை மிளகாயோடு கடைந்து வைத்தார்கள். வெங்காயமும் இஞ்சியும் மஞ்சளும் வதங்கி எண்ணெய் பிரிந்து மேலே வரும் வரை காத்திருக்கும் பர்மியக் கறிப் பக்குவத்தை அறிந்தவருக்கு எண்ணெய்க் கத்தரிக்காய் புதிதாகத் தோன்றாது. இரண்டு வீசைக் கத்தரிக்காய் வாங்கினார்கள். இங்கே வீசை என்பது ஏறத்தாழ 1.63 கிலோ. அன்று முதலில் தீர்ந்ததும் அதுதான். பர்மியர் சாப்பாட்டில் பச்சைக் காய்களையும் அவித்த காய்களையும் ஙப்பி என்னும் புளிக்கவைத்த மீன் விழுதின் சாற்றில் தோய்த்து உண்பார்கள் அல்லவா? அந்த இடத்தில் வெள்ளரிக்காயையும் அவித்த வெண்டைக்காயையும் அடுக்கி, நடுவில் புளி சேர்த்த தேங்காய்த் துவையலை வைத்தது நான் எதிர்பாராத நல்ல யோசனை.

சோற்றுக்குப் புழுங்கலரிசியைத் தவிர்த்து, 2011-இல் உலகின் சிறந்த அரிசி என்ற விருதைப் பெற்ற பவ்சான் அரிசியைத் தேர்ந்தெடுத்தார்கள். அது குழையும் தன்மையுள்ளது என்பதால் சாம்பாருக்குப் பொருந்தாது என்று நான் அஞ்சினேன். தண்ணீரைக் குறைத்து வடித்திருந்ததால், மணம் கெடாமல் பருக்கை பருக்கையாக நின்றது.

பரிமாறும் முறையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் பட்டியலோடு நின்றுவிடுகிறார்கள். சாம்பார், ரசம், மோர் என்று ஒன்றன் பின் ஒன்றாக வருவது நம் பந்தி. பர்மியருக்கோ எல்லாம் ஒரே நேரத்தில் நடுவில் இருக்க வேண்டும், சாறு ஒன்று தொடக்கம் முதல் முடிவு வரை பக்கத்தில் இருக்க வேண்டும். ஆகவே ரசத்தைச் சோற்றில் ஊற்றாமல் சிறு கிண்ணங்களில் முதலிலேயே வைத்துவிட்டார்கள். விருந்தினர் இடையிடையே கரண்டியால் எடுத்துக் குடித்தார்கள்; இரண்டு பேர் மூன்றாம் கிண்ணமும் கேட்டார்கள். முழு வாழையிலைக்குப் பதிலாகத் தட்டின் அளவுக்கு வட்டமாக நறுக்கிய இலையைத் தட்டில் பதித்து, கரண்டியும் முள்கரண்டியும் வைத்திருந்ததால், கையால் உண்டவர்களும் கரண்டியால் உண்டவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக் கூச வேண்டியிருக்கவில்லை. பரிமாற வந்த பையன் முதல் கரண்டிச் சோற்றைப் பாட்டியின் தட்டில் இட்டான். இடக்கையால் வலது முழங்கையைத் தாங்கியபடி, பர்மியர் பெரியவர்களுக்குப் பொருள் கொடுக்கும் அதே பணிவோடு அவன் இட்டதைக் கண்டதும், அதுவரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்த பாட்டி புன்னகைத்து என் பக்கம் திரும்பித் தலையசைத்தார்.

குறைகளும் இருந்தன. கடைசியில் லபெட் என்னும் ஊறவைத்த தேயிலையை அறைகள் வகுத்த அரக்குப் பெட்டியில் அழகாக வைத்தார்கள். விருந்தினரைக் கௌரவிக்கும் அந்தப் பர்மிய வழக்கத்தை நம் பாயசத்துக்குப் பின் சேர்த்தது சரியான எண்ணம். ஆனால் வறுத்த பயறு, எள், பூண்டு ஆகியவற்றோடு ஒரு அறையில் உலர்ந்த இறாலும் இருந்தது. கடையில் வாங்கிய கலவையைப் பிரித்துப் பார்க்காமல் கொட்டியிருக்கிறார்கள். பெண்ணின் தாயார் கவனித்துப் பாட்டியைத் தடுத்ததால் தவறு நேரவில்லை. இல்லாவிட்டால் அவ்வளவு விசாரிப்பும் வீணாகியிருக்கும். பெருங்காயம் வரை கேட்டறிந்தவர்கள் இறாலைத் தவறவிட்டதை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை, அவர்களிடம் நேரிலேயே சொன்னேன். சாக்குச் சொல்லாமல் ஒப்புக்கொண்டார்கள். இன்னொன்று, ஆறரை மணிக்கு வர வேண்டிய சாப்பாடு ஏழே காலுக்குத்தான் வந்தது. வாழைக்காய் வறுவல் அதற்குள் நமத்துப் போயிருந்தது.

பாயசத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பசும்பாலுக்குப் பதில் தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் சேர்த்த ஜவ்வரிசிப் பாயசம் அது. பர்மியரின் 'தாகு' என்னும் ஜவ்வரிசி இனிப்புக்கு மிக நெருக்கமானதால், பிள்ளைகள் பெயர் கேட்காமலே கிண்ணத்தை நீட்டினார்கள். எனக்கு இனிப்பு சற்றுத் தூக்கலாகப் பட்டது.

விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் தொகையைக் குறிப்பிடவில்லை. நகர நடுவில் உள்ள நடுத்தர உணவகம் ஒன்றில் தலைக்கு ஆகும் செலவை ஒட்டியே வந்தது. குறைந்தது ஐந்து நாட்களுக்கு முன் சொல்ல வேண்டும், பாதித் தொகை முன்பணம். மசாலா சாமான்களை ஸ்ரீகாளி கோயிலுக்கு அருகிலுள்ள தெயின்ஜி சந்தையில் அவர்களே வாங்குகிறார்கள். மேசை நாற்காலியும் தட்டுகளும் நாம்தான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். 50 பேருக்கு மேல் என்றால் உதவிக்கு வெளி ஆட்களை அழைக்கிறார்கள், அவர்களுக்கு இதே பக்குவம் இருக்குமா என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

மழைக்கால விரதத்தில் பர்மிய பௌத்தர் திருமணம் செய்வதில்லை என்பதால், தடின்ஜுத் பௌர்ணமி கழிந்து ஐப்பசியில் நாள் குறித்திருக்கிறோம். அந்த விருந்தையும் இவர்களிடமே கொடுத்துவிட்டோம். லபெட்டில் உலர்ந்த இறால் தனிக் கிண்ணத்தில் மட்டுமே இருக்க வேண்டும் என்று என் கையாலேயே சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கத்தரிக்காய் இந்த முறை இருமடங்கு வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருப்பவர் பாட்டியம்மா.