ஒரே நாடு, நாலு கோடு: கண்டறியப்படாத தொற்றைக் கணக்கிட்டுக் காட்டும் ஓர் இலவசப் பக்கம்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கலைக்கல்லூரியில் பி.எஸ்சி. மாணவர்களுக்குப் புள்ளியியல் எடுக்கிறேன். மதிப்பீடு என்ற பாடம் வரும்போது பாடப்புத்தகத்தை மூடிவிட்டு நான் திறப்பது ‘அவர் வேர்ல்ட் இன் டேட்டா’ தளத்தின் ஒரு பக்கத்தை. கொரோனாவில் டெஸ்ட்டுக்கு வராமல், கணக்கில் ஏறாமல் போன தொற்றுகளைக் கணித மாதிரிகள் எப்படி மதிப்பிட்டன என்று காட்டும் பக்கம் அது. 2020 ஆகஸ்டில் வந்தது. காசு கிடையாது, பதிவு செய்யத் தேவையில்லை, தரவை அப்படியே இறக்கிக்கொள்ளலாம். பாடம் நடத்த இதைவிட நல்ல பொருள் எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் “எங்கள் மாவட்டத்தில் நிஜமாக எத்தனை பேருக்கு வந்தது?” என்ற கேள்வியோடு போகிறவர் வெறுங்கையோடுதான் திரும்புவார்.

பக்கத்தின் அமைப்பு எளிது. நாலு மாதிரிகள்: லண்டன் இம்பீரியல் கல்லூரி, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஐஎச்எம்இ என்ற சுகாதார ஆய்வு நிறுவனம், யூயாங் கு என்ற தனி மனிதர், லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் டிராபிகல் மெடிசின். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரைபடம். அரசு அறிவித்த எண்ணிக்கை கீழே ஒரு கோடாக ஓடும். மாதிரி சொல்லும் எண்ணிக்கை அதற்கு மேலே, எண் எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்று காட்டும் வெளிறிய பட்டை இருபுறமும் சூழ. நாட்டை மாற்றிப் பார்க்கலாம். அப்புறம் நாலையும் ஒரே படத்தில் அடுக்கிக் காட்டும் இடம். என் வகுப்பு அதிக நேரம் நிற்பது அங்கேதான்.

அதற்குமுன் கரும்பலகையில் ஒரு கணக்குப் போடுவேன். இது அந்தப் பக்கத்தில் இல்லாதது, நானாகச் சேர்த்துக்கொண்டது. 2020 ஜனவரி நடுவில் வூஹானில் உறுதியான நோயாளிகள் 41 பேர் என்றார்கள். அதே நேரத்தில் தாய்லாந்தில் இருவர், ஜப்பானில் ஒருவர் என்று வெளிநாட்டில் மூன்று பேர் சிக்கியிருந்தார்கள். இம்பீரியல் குழு என்ன செய்தது? வூஹான் விமான நிலையத்தை நம்பியிருக்கும் மக்கள் 1.9 கோடி. ஒரு நாளைக்கு வெளிநாடு போகிறவர்கள் 3,301 பேர். தொற்றியதிலிருந்து கண்டுபிடிக்கப்படும்வரை சுமார் 10 நாள். அப்படியானால் அந்தப் பத்து நாளில் ஒருவர் வெளிநாடு போயிருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 576-இல் ஒன்று. வெளியே மூன்று பேர் என்றால் உள்ளே? கால்குலேட்டரில் 1,727 வரும். ஜனவரி 17 அறிக்கையில் அவர்கள் தந்த எண் 1,723. 427 முதல் 4,471 வரை இருக்கலாம் என்றும் எழுதினார்கள். 41 எங்கே, 1,723 எங்கே! இதைப் போட்டு முடித்ததும் பின்வரிசை கூட நிமிர்ந்து உட்காரும்.

அந்தப் பக்கத்திலுள்ள மாதிரிகள் வேறு வழியில் போகின்றன. பெரும்பாலும் இறப்பிலிருந்து பின்னோக்கி நடக்கின்றன. தொற்றியவர்களில் ஆயிரத்துக்கு ஐந்து பேர் இறப்பார்கள் என்று வைத்துக்கொண்டால், இன்று பதிவான 10 இறப்புக்குப் பின்னால், ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு முன் 2,000 தொற்று இருந்திருக்க வேண்டும். இதன்மேல்தான் வயதுப் பிரிவு, ஊரடங்கு, மக்கள் நடமாட்டம் எல்லாம் ஏறுகின்றன. கடைசி சில வாரங்களில் பட்டை ஏன் யானைக்கால் மாதிரி வீங்குகிறது என்பதும் இதிலேயே புரிந்துவிடும்: அந்த வாரங்களில் தொற்றியவர்களின் இறப்பு இன்னும் பதிவாகவில்லை.

நாலாவதான ஹைஜீன் ஸ்கூல் மாதிரி எனக்குப் பிடித்தது. பேப்பரில் போட்டுக் காட்டிவிடலாம். எல்லா நோயாளிகளையும் பிடித்துவிட்டால் அவர்களில் 1.4 சதவீதம் பேர் இறப்பார்கள் என்று முதல் வடிவத்தில் வைத்துக்கொண்டார்கள். ஒரு நாட்டில் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 7 சதவீதம் இறப்பதாகத் தெரிந்தால், அறிகுறி உள்ளவர்களில் ஐந்தில் ஒருவரைத்தான் அந்த நாடு பிடிக்கிறது என்று அர்த்தம். அந்த 1.4 சீனத் தரவிலிருந்து வந்தது. இளவயதினர் அதிகமுள்ள நாட்டுக்கு அதையே போடலாமா என்று யாராவது கேட்பார்களா எனக் காத்திருப்பேன். ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள்.

இந்தியாவைத் தேர்ந்தெடுத்து நாலு கோட்டையும் ஒன்றாகப் போட்டால் வகுப்பு கொஞ்சம் கலங்கும். ஒரே நாள், ஒரே நாடு. ஆனால் கோடுகள் ஒன்றோடொன்று சேராது. ஒரு மாணவி கேட்டாள்: “சார், நாலு பேரும் நாலு சொன்னா பரீட்சையில எதை எழுதுறது?” நாலையும் எழுது, எந்த அனுமானத்தில் பிரிகின்றன என்றும் எழுது, மார்க் போடுகிறேன் என்றேன். இந்த முரண்பாட்டை மழுப்பாமல் விட்டதற்காகவே பக்கத்தைத் தயாரித்தவர்களைப் பாராட்டுவேன். நாலுக்கும் சராசரி எடுத்து ஒரே கோடாகப் போட்டிருந்தால் பார்க்க அழகாக இருந்திருக்கும், பாடம் செத்திருக்கும்.

குறை என்று பார்த்தால், இறப்பே சரியாக எண்ணப்படாத நாட்டில் இந்த வழி தடுமாறும் என்பதை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து இந்தியா அறிவித்த கொரோனா இறப்பு சுமார் 4.8 லட்சம். அதே காலத்தில் வழக்கத்தைவிட 47 லட்சம் பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் மதிப்பிட்டது. இந்திய அரசு அதை ஏற்கவில்லை. யார் சரி என்பது வேறு விவாதம். ஆனால் உள்ளே போடும் எண்ணிலேயே இவ்வளவு இழுபறி இருந்தால் வெளியே வரும் கோட்டை எவ்வளவு நம்புவது?

அதனால் செரோ சர்வே முடிவுகளை, அதாவது ரத்தத்தில் ஆன்டிபாடி (நோய் எதிர்ப்புப் புரதம்) இருக்கிறதா என்று பார்த்து முன்பே தொற்றியவர்களைக் கணக்கிடும் ஆய்வுகளை, அருகிலேயே வைத்துக்கொண்டு பார்க்கச் சொல்வேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் முதல் நாடளாவிய சர்வே 2020 மே-ஜூனில் 28,000 பேரிடம் ரத்தம் எடுத்தது. 0.73 சதவீதம் பேருக்கு முன்பே தொற்றியிருந்தது. கேட்கச் சின்ன எண். நாட்டின் வயது வந்தோர் எண்ணிக்கையோடு பெருக்கினால் சுமார் 64 லட்சம் பேர். கணக்கில் ஏறிய ஒவ்வொருவருக்கும் ஏறாதவர்கள் உட்பட 82 முதல் 130 பேர் வரை! சென்னையில் அதே ஆண்டு ஜூலையில் 12,405 பேரைப் பரிசோதித்ததில் 21.5 சதவீதம். நகர மக்கள்தொகையை 70 லட்சம் என்று குறைத்து வைத்தாலே 15 லட்சம் வருகிறது. அந்த மாதக் கடைசியில் அரசுக் கணக்கு ஒரு லட்சத்தை ஒட்டியிருந்தது. 2021 ஜூன்-ஜூலையில் வந்த நாலாவது சர்வேயின் 67.6 சதவீதத்தை மட்டும் கவனமாகக் கையாள வேண்டும். தடுப்பூசி போட்டவர்களின் ஆன்டிபாடியும் அதில் கலந்திருக்கிறது.

யூயாங் கு பற்றியும் ஒரு வார்த்தை. எம்ஐடியில் படித்த இளைஞர், தொற்றுநோயியல் பின்னணி இல்லாதவர். பெரிய நிறுவனங்களின் மாதிரிகளோடு தன் மாதிரியையும் நிறுத்திக் காட்டினார். இறப்பை வைத்துக்கொண்டு மற்ற எண்களைக் கம்ப்யூட்டரே தேடிப் பொருத்தும் முறை அவருடையது. பிற்பாடு அமெரிக்காவுக்காக இன்னும் எளிய சூத்திரம் ஒன்றும் செய்தார்: அறிவிக்கப்பட்ட எண்ணிக்கையை எத்தனை மடங்காக்குவது என்பதை டெஸ்ட் பாசிட்டிவிட்டியின் (டெஸ்ட்டுகளில் தொற்று உறுதியான விகிதம்) வர்க்கமூலத்தை வைத்து முடிவு செய்வது. என் மாணவர்களுக்கு நாலில் அதிகம் பிடித்த ஆள் அவர்தான். காரணம் கணிதமா, வயதா தெரியவில்லை.

வாங்குபவர் கவனத்துக்கு என்பார்களே, அப்படிச் சில விஷயம். படங்கள் பழையவை: கு 2020 அக்டோபரிலேயே தன் கணிப்புகளை நிறுத்திவிட்டார், ஐஎச்எம்இ 2022 டிசம்பரில். பாடத்துக்கு அது பாதகமில்லை, செய்திக்கு ஆகாது. இந்தியா முழுவதும் ஒரே கோடு. மாநில வாரியாகப் பிரிவு இல்லை. எல்லாம் ஆங்கிலம் என்பதால் தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்கு முதல் வகுப்பு முழுக்க மொழிபெயர்ப்பிலேயே போய்விடுகிறது. போனில் நாலு கோட்டையும் பட்டைகளையும் ஒன்றாகப் பிரித்தறிவது சிரமம், கம்ப்யூட்டர் லேப் கிடைத்தால் நல்லது.

வகுப்பில் முயல நினைக்கும் ஆசிரியர்கள் நேராக இந்தியாவைத் திறக்க வேண்டாம். பெல்ஜியத்தில் தொடங்குங்கள். முதியோர் இல்லங்களில் கொரோனாவாக இருக்கலாம் என்று சந்தேகித்த இறப்புகளைக் கூடச் சேர்த்து எண்ணிய நாடு அது. மாதிரி என்ன செய்கிறது என்று அங்கே பிடிபட்ட பிறகு இந்தியாவுக்கு மாற்றுங்கள். கேள்விகள் தானாக வரும். இரண்டு பீரியட் ஒதுக்கிவைத்துக்கொள்ளுங்கள்.