தோள்பட்டையில் ‘டக் டக்’ சத்தமா? 30 சிட்டிங் பேக்கேஜுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. முதுகு வலி, தோள்பட்டை வலி என்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அலைகிறவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

என் பையன் பிளஸ் டூ. வாலிபால் ஆடுவான். போன வருஷம் வலது கையைத் தூக்கும்போதெல்லாம் முதுகில் ஒரு சத்தம். பாக்குவெட்டியில் கொட்டைப்பாக்கு நறுக்கினால் வருமே, அந்தச் சத்தம். முதலில் வலி இல்லை. கிளாஸில் பசங்களுக்கு இதை வித்தையாகவே காட்டியிருக்கிறான். இரண்டு மாதத்தில் வலி வந்துவிட்டது. தோள்பட்டைக்குப் பின்னால் இருக்கும் பட்டை எலும்பின் உள் ஓரத்தில், முதுகுத்தண்டை ஒட்டி. மல்லாந்து படுக்க முடியாது, ஸ்கூல் பையை மாட்ட முடியாது.

மதுரையில் ஒரு வலி நிவாரண மையத்துக்குப் போனோம். லிஃப்ட், ஏசி, சுவரெல்லாம் எலும்புக்கூடு படம். வெள்ளைக் கோட்டு போட்ட சார் மூன்று நிமிஷம் பேசினார். பையனின் சட்டையைக் கழற்றச் சொல்லவே இல்லை. முதுகில் கை வைக்கவில்லை. “சத்தம் வருது சார்” என்றேன். “கேஸ் ட்ரபிள்தான்மா” என்றார். கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, “வளைவு நேராயிடுச்சு பாருங்க, செல்போன் கழுத்து” என்றார். அந்த வளைவு கழுத்துச் சதை இறுகினாலும் நேராகத் தெரியும், எக்ஸ்ரேக்கு நிற்கிற வாட்டத்தாலும் தெரியும், வலியே இல்லாதவர்களுக்கும் அப்படி இருக்கும் என்பதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு என் கையில் ஒரு பிளாஸ்டிக் பையில், முந்தின வருஷம் காய்ச்சலுக்காக எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயும் இருந்தது. அதை அவர் வெளியே எடுக்கக்கூட இல்லை. இதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

30 சிட்டிங், 24,000 ரூபாய். மொத்தமாகக் கட்டினால் 18,000. “இன்னைக்கு மட்டும்தான்க்கா ஆஃபர்” என்றது ரிசப்ஷன் பொண்ணு. ஜவுளிக்கடையில் பேரம் பேசுகிற எனக்கு அங்கே மட்டும் வாய் வரவில்லை, கட்டினேன். கரண்ட் பேட், லேசர், ரப்பர் பட்டையை இழுக்கிற பயிற்சி. இழுக்க இழுக்கச் சத்தமும் கூடியது, வலியும் கூடியது. 11 சிட்டிங் முடிந்ததும் ஊசி என்றார்கள். ஒன்று 3,500, இரண்டு போட்டார்கள். பிறகு அவர்கள் கைகாட்டிய இடத்தில்தான் முதுகுத்தண்டு எம்ஆர்ஐ எடுக்க வேண்டும் என்றார்கள், 9,500. அதில் ஒன்றும் இல்லை. இருக்காதுதான், கோளாறு தண்டிலேயே இல்லையே. கடைசியில் சார் சொன்னது: “பரீட்சை பயம்மா. பையனுக்கு கவுன்சிலிங் குடுங்க.” பையன் அன்றைக்கு பஸ்ஸில் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

எக்ஸ்ரே, பீஸ் 1,100 சேர்த்து மொத்தம் 35,600 ரூபாய் போனது.

பிறகு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. விடிகாலையில் போய் வரிசையில் நின்று ஓபி சீட்டு போட்டோம். எலும்புப் பிரிவில் சின்ன வயசு டாக்டரம்மா. முதல் வார்த்தையே “சட்டையைக் கழட்டு தம்பி.” பின்னால் நின்று இரண்டு பட்டையையும் ஒப்பிட்டுப் பார்த்தார். வலது பக்கம் லேசாகத் தூக்கலாக இருந்தது. உள்ளங்கையை அதன்மேல் வைத்துக் கையைத் தூக்கச் சொன்னார். டக். என் கையையும் பிடித்து அங்கே வைத்தார். உள்ளே எதுவோ மேட்டில் ஏறி இறங்குவது எனக்கே தெரிந்தது. பெற்ற தாய், ஏழு மாதமாக நானும் அங்கே கை வைத்துப் பார்க்கவில்லை.

பழைய நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, “இங்க ஒரு நிழல் இருக்கு, பட்டை எலும்பு மேல விழுந்து மறைக்குது” என்றார். பட்டையைப் பக்கவாட்டில் காட்டும் எக்ஸ்ரே, அப்புறம் சிடி. நாலாவது விலா எலும்பிலிருந்து காளான் மாதிரி ஒரு எலும்பு வளர்ச்சி. ஆஸ்டியோகாண்ட்ரோமா. கட்டி என்றதும் எனக்குக் கால் நடுங்கியது. அவர் உட்கார வைத்துச் சொன்னார். புற்றுநோய் இல்லாத எலும்புக் கட்டிகளில் அதிகம் பார்ப்பது இதைத்தான். வளர்கிற வயதில் குருத்தெலும்பு தடம் மாறி வளர்வது. உடம்பு வளர்ச்சி நின்றால் பெரும்பாலும் இதுவும் நிற்கும். பட்டை எலும்பு இரண்டாவது விலாவிலிருந்து ஏழாவது விலா வரைக்கும் சதை மேல் வழுக்கிக்கொண்டு ஓடுவது. வழியில் முண்டு இருந்தால் ஏறித்தானே இறங்க வேண்டும்? ஒற்றைக் கட்டி புற்றாக மாறுவது அபூர்வம். வளர்ச்சி நின்ற பிறகும் பெரிதானாலோ, மேலே இருக்கும் குருத்தெலும்பு 2 சென்டிமீட்டருக்கு மேல் தடித்திருந்தாலோதான் சந்தேகப்படுவார்களாம். பரம்பரையாகப் பல எலும்புகளில் வருகிற வகையும் உண்டு என்று முழங்காலையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். இல்லை.

தொந்தரவு இல்லாவிட்டால் வெட்டவே வேண்டாம், பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்றார். இவனுக்கு வலி இருந்ததால் ஆபரேஷன். விலாவுக்கு அடியிலேயே நுரையீரலின் உறை என்பதால் நெஞ்சு சர்ஜனும் கூட இருந்தார். முதலமைச்சர் காப்பீட்டில் முடிந்தது. பயாப்சியிலும் புற்று இல்லை. சத்தம் போய்விட்டது.

பிசியோதெரபியை நான் குறை சொல்லவில்லை. இந்த மாதிரிச் சத்தம் பல பேருக்குச் சதை பலவீனத்தாலும், பட்டை எலும்புக்கு அடியில் இருக்கும் சின்ன நீர்ப்பை வீங்குவதாலும்தான் வருமாம், அதற்குப் பயிற்சிதான் வைத்தியம் என்று டாக்டரம்மாவே சொன்னார். என் கோபம், என்ன நோய் என்று பார்க்காமலே 30 சிட்டிங்குக்குப் பணம் வாங்கியதில்தான்.

மீதிப் பணத்தைக் கேட்டுப் போனேன். ரசீதை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். ‘நலச் சேவைக் கட்டணம், திருப்பித் தரப்படாது’ என்று இருந்தது. மருந்துச் சீட்டில் டாக்டர் பதிவு எண் இல்லை. சிகிச்சை ரெக்கார்டு கேட்டால் மேனேஜர் ஊரில் இல்லையாம். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி இருக்கிறது. எழுத்தில் கேளுங்கள், ஒரு நகலில் கையெழுத்து வாங்குங்கள். 1915-க்குப் போன் போட்டு நுகர்வோர் புகார் பதிந்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுத்திருக்கிறேன். நாம் கட்டின பணம் 5 லட்சம் வரைக்கும் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, பிரச்சினை நடந்த இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

போன வாரம் அந்த மையத்திலிருந்து வாட்ஸ்அப் வந்தது. “அக்கா, தம்பிக்கு இன்னும் 19 சிட்டிங் பாக்கி இருக்கு. மாசக் கடைசிக்குள்ள வந்து முடிச்சுக்கோங்க.” மனுவோடு இணைக்க அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்.