ஆர்எக்ஸ் 580: குறை சொல்ல முடியாத கார்டு, சகிக்க முடியாத ஃபேன்

"செகண்ட் ஹேண்டில் ஆர்எக்ஸ் 580 சல்லிசாகக் கிடைக்கிறது, எடுக்கலாமா?" என்று நண்பர் கேட்டார். அவருக்கு எழுதிய பதில் நீண்டுவிட்டது, எல்லோருக்கும் பயன்படட்டும். இது 2017-இல் ஏஎம்டி வெளியிட்ட கிராஃபிக்ஸ் கார்டு (கணினியில் விளையாட்டுக் காட்சிகளை வரைகிற பாகம்), 8 ஜிபி மெமரி, 185 வாட். 1080பி-யில் (ஃபுல் எச்டி திரையில்) விளையாடுகிறவர்களுக்கு இன்றும் வேலை செய்யும். அதில் பேச ஒன்றுமில்லை. பேச வேண்டியது சத்தம்.

கழற்றுவதற்கு முன் எது சத்தம் போடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பாதிப் பேர் இதைச் செய்யாமல் நேராகத் தெர்மல் பேஸ்ட் (சிப்பின் சூட்டை ஹீட்சிங்க் என்ற உலோகத் தகடுகளுக்குக் கடத்தும் பசை) வாங்கப் போகிறார்கள். ஏஎம்டியின் அட்ரினலின் மென்பொருளில் ட்யூனிங் பகுதிக்குப் போய், எந்த விளையாட்டும் ஓடாத நேரத்தில் ஃபேனை 30, 50, 80 சதவீதம் என்று கையால் மாற்றிக் கேளுங்கள். வேகத்தோடு சேர்ந்து 'ஹோ' என்று ஏறினால் அது வெறும் காற்றுச் சத்தம். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் 'கர்ர்' என்று உறுமினால் பியரிங். ஃபேன் வேகத்தை மாற்றாமலே, விளையாட்டின் மெனு திரையில் மட்டும் 'கீ' என்று மெல்லிய விசில் வந்தால் அது காயில் சத்தம், அதாவது கார்டில் உள்ள கம்பிச் சுருள்கள் அதிர்வது. மெனுவில் ஒரு நொடிக்கான ஃப்ரேம் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் எகிறுவதுதான் அதற்குக் காரணம். மானிட்டருக்கு ஏற்ப 60 அல்லது 75 என்று வரம்பு வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும், ஸ்க்ரூட்ரைவரே தேவைப்படாது.

இந்தக் கார்டில் உயிரை வாங்குவது அந்த உறுமல்தான். முழு வேகத்தில் ஓடும்போது அது கேட்பதில்லை, காற்றுச் சத்தம் மூடிவிடும். பாட்டு கேட்கிற, ஏதாவது டைப் செய்கிற அமைதியான நேரத்தில், 1,200 முதல் 1,500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரைக்குள் எங்கேயோ ஃபேன் போய் நிற்கும். அப்போது கேபினெட்டின் பக்கத் தகடும் சேர்ந்து அதிரும். தேய்ந்துபோன ஸ்லீவ் பியரிங்கில் எண்ணெய் வற்றி, தண்டு அதன் குழாய்க்குள் ஆடுவதால் வருவது இது. கணினியை அணைத்து, கார்டை வெளியே எடுத்து, விரலால் சுண்டிப் பாருங்கள். நல்ல ஃபேன் சில சுற்று சுற்றி, தானாக மெதுவாக நிற்கும். கெட்டது பிரேக் போட்டதுபோலச் சட்டென்று நிற்கும். நடுக் குமிழைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டமும் கையில் தெரியும். இரண்டு ஃபேன் இருந்தாலும் பெரும்பாலும் ஒன்றுதான் குற்றவாளி.

எண்ணெய் விட்டால் சரியாகுமா? ஆகும், ஆனால் தற்காலிகமாக. ஃபேனைச் சட்டத்திலிருந்து கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். ஸ்டிக்கரை ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தால் சில மாடல்களில் கீழே சின்ன ரப்பர் மூடி இருக்கும். ஊசி முனையால் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, மிஞ்சிப்போனால் இரண்டு. கையால் சுற்றி உள்ளே இறங்கவிட்டு, கசிந்ததைத் துடைத்துவிட்டு ஸ்டிக்கரை ஒட்டுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டாது, ஒட்டாவிட்டால் சில நாளில் எல்லாம் வெளியே வந்துவிடும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். ஏசி அறையில் 24 டிகிரிக்குக் கீழே போனாலே அது உறையத் தொடங்கும், நாளாக நாளாகப் பிசினும் பிடிக்கும். டபிள்யூடி-40 ஸ்ப்ரேயும் வேண்டாம், அது பழைய எண்ணெயைக் கரைத்து எடுத்துவிட்டுத் தானும் காய்ந்துவிடும். மூடியே இல்லாமல் அடைத்த ஃபேன் என்றால் துளை போட்டுப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். தண்டு ஏற்கெனவே தேய்ந்திருந்தால் எண்ணெய் விட்டும் பலனில்லை.

மாற்று ஃபேன் வாங்கும்போது கார்டின் பெயரைச் சொல்லி வாங்குவது தவறு. ஒரே பெயரில் வந்த கார்டிலேயே வேறு வேறு ஃபேன் இருந்திருக்கிறது. நடு ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண், 12 வோல்ட், ஆம்பியர் அளவு, இறக்கையின் விட்டம், மூன்று ஸ்க்ரூ துளைகளுக்கு இடையே உள்ள தூரம், கனெக்டரில் எத்தனை பின் என்று ஆறையும் குறித்துக்கொண்டு, போட்டோவும் எடுத்துவையுங்கள். சுற்றும் திசையும் பொருந்த வேண்டும். ஸ்லீவ் பியரிங்கா பால் பியரிங்கா என்று கேளுங்கள். பால் பியரிங் கொஞ்சம் விலை கூடும், லேசான மெல்லிய ஓசையும் இருக்கும். ஆனால் இந்த உறுமல் அவ்வளவு சீக்கிரம் வராது.

ஹீட்சிங்க்கைத் திறந்தாயிற்று என்றால் பேஸ்ட்டையும் மாற்றிவிடுங்கள். திறப்பதற்கு முன் பத்து நிமிடம் ஏதாவது ஓடவிட்டுக் கார்டைச் சூடாக்குங்கள். காய்ந்த பேஸ்ட் இளகி, ஹீட்சிங்க் சிரமமில்லாமல் பிரியும். சிப்பைச் சுற்றியுள்ள நான்கு ஸ்ப்ரிங் ஸ்க்ரூக்களைக் குறுக்கு மறுக்காக, ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சம் தளர்த்த வேண்டும். ஹீட்சிங்க் பிரிந்ததும் வேகமாகத் தூக்காதீர்கள், ஃபேன் ஒயர் இன்னும் போர்டில் மாட்டியிருக்கும். ஒயரைப் பிடித்து இழுக்காமல் கனெக்டரை நகத்தால் அசைத்து எடுங்கள். பழைய பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, புதியதைச் சிப் முழுவதும் மெல்லிய படலமாகப் பரப்புங்கள். இங்கே சிப்புக்கு மேலே உலோக மூடி கிடையாது, ஒரு மூலை விட்டுப்போனாலும் அந்த மூலை கொதிக்கும்.

நிறையப் பேர் கோட்டை விடுவது தெர்மல் பேடில், அதாவது சூட்டைக் கடத்தும் மெத்தென்ற பட்டையில். மெமரி சிப்புகள் மேல் இருக்கும் பேட் கிழிந்தால் அதே கனத்தில்தான் மாற்று போட வேண்டும். 1 மிமீ இருந்த இடத்தில் 1.5 மிமீ வைத்தால் ஹீட்சிங்க் முழுவதும் தூக்கிக்கொள்ளும், மெயின் சிப் சரியாக ஒட்டாது. பேஸ்ட் மாற்றியபின் சூடு முன்பைவிட ஏறிவிட்டது என்று புலம்புகிற பலருக்கு நடந்தது இதுதான். தகடுகளில் தூசி ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்; ப்ளோயர் காற்றில் கண்டபடி சுற்றினால் இருக்கிற பியரிங்கும் போய்விடும்.

இனி, செலவே இல்லாத, ஆனால் எல்லாவற்றையும்விட அதிகம் பலன் தருகிற வேலை. இந்தக் கார்டுகள் தேவைக்கு மேல் வோல்ட்டேஜ் கொடுத்து அனுப்பப்பட்டவை. உச்ச நிலைக்குப் பெரும்பாலும் 1150 மில்லிவோல்ட்டை ஒட்டி இருக்கும். அதே ட்யூனிங் பகுதியில் அதை 10, 20 என்று இறக்கிக்கொண்டே வந்து, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரமாவது கனமான விளையாட்டு ஒன்றை ஓட்டிப் பாருங்கள். பல கார்டுகள் 1060 மில்லிவோல்ட்டிலும் நிலையாக ஓடும். சிப்பின் மின் செலவு வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், இந்தச் சின்ன இறக்கத்துக்கே சிப் வெளியிடும் வெப்பம் 15 சதவீதம் அளவுக்குக் குறையும். திரை கறுத்தாலோ புள்ளி புள்ளியாகச் சிதறினாலோ 20 மில்லிவோல்ட் ஏற்றிவிடுங்கள். ஒரு சூட்சுமம் உண்டு: மெமரிக்கு எதிரே இருக்கும் வோல்ட்டேஜ் கட்டம் உண்மையில் மெயின் சிப்பின் கீழ் வரம்பாக வேலை செய்கிறது. அது உயரத்தில் இருந்தால் நீங்கள் குறைத்தது எதுவும் நடைமுறைக்கு வராது.

சூடு இறங்கியதும் ஃபேன் வேகத்தை இறக்கலாம். வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் சத்தம் சுமார் 5 டெசிபல் குறையும், பாதியாக்கினால் சுமார் 15 டெசிபல். எந்தச் சூட்டுக்கு எந்த வேகம் என்ற கோட்டை அட்ரினலினில் வரையும்போது, உறுமும் அந்த ஆர்பிஎம் எல்லையில் ஃபேன் நிற்க விடாதீர்கள். உதாரணமாக 65 டிகிரி வரை 1,100-இலேயே வைத்து, அதற்குமேல் செங்குத்தாக 1,600-க்கு ஏறும்படி கோடு போடுங்கள். ஃபேன் முழுதாக நின்று, சூடானதும் 'விர்' என்று கிளம்பி, மறுபடி நிற்கும் ஜீரோ ஆர்பிஎம் வசதியையும் அணைத்துவிடுங்கள். மெல்லிய, ஒரே சீரான ஓசை காதுக்குப் பழகிவிடும். நின்று நின்று கிளம்புவது பழகவே பழகாது.

பழைய ஃபேன்கள் மாட்டியிருக்கும் கவசத்தையே கழற்றி எறிந்துவிட்டு, ஹீட்சிங்க் மேல் இரண்டு 92 மிமீ கேபினெட் ஃபேன்களைக் கேபிள் டை போட்டுக் கட்டுகிறவர்களும் உண்டு. சத்தத்தைப் பொறுத்தவரை இதுவே மிகச் சிறந்த வழி. ஆனால் 25 மிமீ கனமுள்ள ஃபேன் கீழே இருக்கும் ஸ்லாட்டுகளை அடைத்துக்கொள்ளும், கார்டின் சின்ன கனெக்டருக்குத் தனி அடாப்டர் கேபிளும் வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் இது அருமையான கார்டு. மே மாத வெயிலிலும் பக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாகப் படிக்கலாம். ஆனாலும் நண்பருக்கு என் பதில்: எடுக்காதீர்கள். சிப்பில் குறையில்லை. மட்டமான ஃபேனைப் போட்டுச் சில ரூபாய் மிச்சம் பிடித்திருக்கிறார்கள், அதற்கான வேலை முழுவதும் வாங்குகிறவர் தலையில் விழுகிறது. கிரிப்டோ நாணய மைனிங்கில் இரவு பகலாக ஓடிய கார்டுகளும், 2304-க்குப் பதில் 2048 கோர் மட்டுமே உள்ளவையும் இதே பெயரில் சந்தையில் கலந்து கிடக்கின்றன. அப்படியும் எடுத்தே தீருவேன் என்றால், கடையிலேயே ஜிபியு-இஸட் (கார்டின் விவரங்களைக் காட்டும் மென்பொருள்) போட்டு 2304 காட்டுகிறதா என்று பாருங்கள். பணம் கொடுப்பதற்கு முன் கார்டைக் கையில் வாங்கி, இரண்டு ஃபேனையும் விரலால் சுண்டுங்கள்.