மலையில் இழுக்காத சின்ன கார்: ஏஎம்டியா, மேனுவலா, டர்போவா?

கோத்தகிரியில் இருந்துகொண்டு ஆறு வருஷம் ஒரு 1.0 லிட்டர் ஏஎம்டி கார் (கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றும் வகை) ஓட்டினேன். நாலாவது வருஷத்திலிருந்து, வீட்டில் நாலு பேரும் ஏறிவிட்டால் மேட்டில் இழுக்கவே இழுக்காது. ஒர்க்ஷாப்பில் ஏர் ஃபில்டர் மாற்றினார்கள், பிளக் மாற்றினார்கள், திராட்டில் பாடியைக் கழுவினார்கள், பில்தான் ஏறியது. கடைசியில் பார்த்தால் தேய்ந்து போயிருந்தது கிளட்ச் பிளேட்.

அதனால் வண்டியை மாற்ற யோசிப்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஆர்பிஎம் முள் (இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டுவது) மேலே போகிறது, வேகம் கூடவில்லை, கருகின வாடையும் வருகிறது என்றால் கிளட்ச் வழுக்குகிறது. ஆர்பிஎம்மே ஏறாமல் திணறிக் குலுங்கினால் பிளக், இக்னிஷன் காயில், பெட்ரோல் பம்ப், அடைத்துப்போன கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் என்று இன்ஜின் பக்கம் தேட வேண்டும். இரண்டும் இல்லாமல், கீழே நன்றாக ஓடி மேலே வந்ததும் சோர்ந்தால் அது கோளாறே இல்லை, உயரம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத இன்ஜின் 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1 சதவீதம் சக்தியை இழக்கும், காற்று அவ்வளவு லேசு. 67 குதிரைத்திறன் என்று வாங்கிய வண்டி ஊட்டியில் 52, 53 கொடுத்தால் அதிகம்.

இனி ஏஎம்டி. இது தனி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இல்லை. அதே மேனுவல் பெட்டி, அதே கிளட்ச், நம் காலுக்குப் பதில் ஆக்சுவேட்டர் என்ற இயக்கும் கருவி மிதிக்கிறது. கோயம்புத்தூர் டிராஃபிக்கில் சுகம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மலையடிவாரத்துக் கல்லாறு தாண்டிக் குன்னூர் வரைக்கும் 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் முன்னால் ஒரு பஸ், அது நிற்க நாமும் நிற்க, பிரேக்கை விட்டதும் வண்டி ஒரு சாண் பின்னால் வர, பயத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியை மேட்டில் பிடித்து வைப்போம் பாருங்கள், அங்கேதான் கிளட்ச் பாதி ஒட்டியும் ஒட்டாமலும் சூடாகித் தேய்கிறது. என் வண்டியைக் கெடுத்தது இந்தப் பழக்கம்தான் என்று இப்போது தெரிகிறது. வளைவின் நடுவில் அது கியர் மாற்ற எடுக்கும் அந்த ஒரு நொடியில் வேகமும் செத்துவிடும். ஏற்கெனவே ஏஎம்டி வைத்திருப்பவர்கள் ஹேண்ட்பிரேக்கில் நிறுத்திப் பழகுங்கள், வளைவுக்கு முன்பே 'எம்'முக்கு (நாமே கியர் மாற்றும் மேனுவல் மோடு) மாற்றி செகண்ட் கியரைப் பிடியுங்கள். இறங்கும்போது இது இன்னும் முக்கியம். 'டி'யில் (தானே கியர் மாற்றும் டிரைவ் மோடு) விட்டால் அதுவே மேல் கியருக்குப் போய், சுமை முழுக்க பிரேக்கில் விழும்.

மேனுவல், அதிலும் நாலு சிலிண்டர் 1.2 லிட்டர் என்றால், மலையில் எதை எப்போது போட வேண்டும் என்பது நம் கையில். உயரத்தில் சக்தி இதற்கும் குறையும்தான், ஆனால் முன்னால் வளைவு வருவது நமக்குத் தெரியும், ஆக்சுவேட்டருக்குத் தெரியாது. கிளட்ச் போனாலும் எந்த ஊர் மெக்கானிக்கும் இறக்கி மாற்றிவிடுவார். ஏஎம்டி என்றால் பிளேட் மாற்றிய பிறகு கம்ப்யூட்டரில் கிளட்சை மறுபடி பழக்க வேண்டும், அதற்கு நான் மேட்டுப்பாளையம் இறங்க வேண்டியிருந்தது.

1.0 டர்போ பெட்ரோல்? உயரத்தின் இழப்பைப் பெரும்பாலும் ஈடுகட்டுவது இது ஒன்றுதான், ஊட்டியிலும் கீழே இருந்த அதே உயிர் இருக்கும். ஆனால் 1,500 ஆர்பிஎம்முக்குக் கீழே தூங்கும், இறுக்கமான வளைவில் ஃபர்ஸ்ட் கியருக்கே வரவேண்டியிருக்கும். இன்ஜின் ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடவே கூடாது. வாரம் இரண்டு முறை சமவெளிக்கு இறங்கி ஏறுபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். சிவிடி (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) ஏற்றத்தில் வழுவழுவென்று போகும், பழுதானால் செலவு பெரிது, மலையிலேயே குடியிருப்பவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

நான் வாங்கியது பழைய 1.2 மேனுவல். எது வாங்கினாலும் டெஸ்ட் டிரைவை கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டுச் சமதரையில் முடித்துக்கொள்ளாதீர்கள். நாலு பேரை ஏற்றி, ஏசி போட்டு, கல்லாறிலிருந்து பர்லியாறு வரை ஏற்றிப் பாருங்கள். நடுவில் ஒரு மேட்டில் வேண்டுமென்றே நிறுத்தி, மறுபடி எடுங்கள்.