கூரைப் பலகைக்கு ஒரு மோதல் சோதனை: கோத்தகிரி அனுபவம்

கோத்தகிரியில் உள்ள எங்கள் விருந்தினர் அறையின் கூரை, இரு கண்ணாடியிழைத் தோல்களுக்கு நடுவே நுரை அடுக்கு வைத்த சாண்ட்விச் பலகையால் ஆனது. சென்ற ஐப்பசி மழையில் கற்பூர மரக்கிளை விழுந்த இடத்தில் விரல் நுனியளவுப் பள்ளமே தெரிந்ததால், மேலே பூசிவிட்டால் போதும் என்று எண்ணியிருந்தேன். மோதல் சேதத்தைச் சோதித்துத் தரும் சேவையிலிருந்து வந்த பொறியாளர் நாணயத்தால் தட்டிக்கொண்டே போக, பள்ளத்தைத் தாண்டி ஒரு சாண் தூரம்வரை கணீரென்ற ஒலி மங்கித் 'தொப்'பென்று கேட்டது. உள்ளே நுரை நொறுங்கித் தோல் பிரிந்திருந்தது.

மிச்சமிருந்த பலகைத் துண்டுகளின்மீது, 16 மி.மீ. விட்டமுள்ள அரைக்கோள முனை பொருத்திய 2 கிலோ எடையை 1 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஏறக்குறைய 20 ஜூல் ஆற்றலுடன், விழச் செய்து, வெட்டிப் பார்த்தார்கள். மோதலில் பலகை எப்படிச் சேதமாகும் என்று கணித்துக் காட்டும் கணினி மாதிரியையும் உருவாக்கினார்கள். அதற்கு வேண்டிய நுரையின் நொறுங்கு வலிமையை, அதாவது நுரை நொறுங்கத் தொடங்கும் அழுத்தத்தை, கையேட்டிலிருந்து எடுக்காமல், எங்கள் பலகையிலேயே வெட்டிய கட்டிகளை அழுத்தி அளந்ததுதான் இச்சேவையில் நான் பெரிதும் மதிப்பது; அந்த எண் பிசகினால் மாதிரி காட்டும் பள்ளத்தின் ஆழமும் பிசகிவிடும்.

அறிக்கை கைக்கு வர ஆறு வாரம் ஆயிற்று. அடிக்கடி மூடுபனியில் நனையும் ஊருக்கு, ஈரம் ஏறிய துண்டுகளையும் தனியே சோதித்திருக்க வேண்டும். கேட்டபின்பே அதற்கு ஒப்புக்கொண்டார்கள்.