யாலவா, உடவளவையா, வில்பத்தா?

பள்ளி விடுமுறை விட்டால் போதும், கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்பில் எந்த வனவிலங்குப் பூங்காவுக்குப் போவது என்ற இந்தப் பேச்சு தொடங்கிவிடும். முக்கால்வாசிப் பேருக்குச் சிறுத்தை பார்க்க வேண்டும். அப்போ யாலதான். அங்கே முதலாம் பிரிவில் சிறுத்தைகள் அவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன. அதிவேகப் பாதை அம்பாந்தோட்டைப் பக்கம் நீண்ட பிறகு பயணமும் இலகு. ஆனால் சிறுத்தை எங்கே இருக்கிறதோ அங்கே ஜீப்புகளும் இருக்கும். தகவல் வந்ததும் எல்லாச் சாரதிகளும் ஒரே திசையில் பறப்பார்கள். அப்புறம் நமக்குக் கிடைப்பது புழுதியும், அதிர்ஷ்டம் இருந்தால் கிளையில் தொங்கும் ஒரு வாலும். செப்டெம்பரில் வறட்சியென்று அந்தப் பிரிவைப் பெரும்பாலும் மூடியும் விடுவார்கள்.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் உடவளவை. நீர்த்தேக்கத்தைச் சுற்றித் திறந்த புல்வெளி என்பதால் எந்த மாதத்திலும் யானை தெரியும். பக்கத்திலேயே 1995இல் தொடங்கிய யானைக்குட்டிகள் இல்லம். பால் நேரத்தில் குட்டிகள் முண்டியடித்து ஓடிவரும். புனலில் ஊற்றும் பால் குழாய் வழியாக வாய்க்குள் போகும். தொட விடமாட்டார்கள், வளர்ந்ததும் காட்டுக்குத் திரும்ப வேண்டிய குட்டிகள். சிங்கம் கேட்டு அடம்பிடிப்பவர்களுக்கு ரிதியகம சஃபாரி பூங்கா இருக்கிறது. 500 ஏக்கர்தான், காடு என்று நினைத்துப் போகாதீர்கள்.

என் ஓட்டு வில்பத்துவுக்கு. சிலாபம், புத்தளம் வழியாக நடுச்சாமத்தில் கிளம்பினால் காலை ஆறு மணிக்கு வாசலில் நிற்கலாம். 1,300 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்த, நாட்டின் மிகப் பெரிய தேசியப் பூங்கா. யுத்தத்தில் வருடக்கணக்காக மூடிக்கிடந்து 2010இல் மறுபடி திறந்தது. வில்லுகள் எனப்படும், மழைநீர் தேங்கும் இயற்கைக் குளங்கள்தான் இதன் அழகு. அல்லிராணி கதையில் வரும் குதிரைமலையும் இதற்குள்தான். மிருகம் குறைவாகத்தான் கண்ணில் படும், அதைச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் போனது பாலைப்பழக் காலம். ஒரு மரத்தின் கீழே பழங்கள் கொட்டுப்பட்டிருந்தன. சாரதி எஞ்சினை நிறுத்திவிட்டு மேலே காட்டினார். கிளை குலுங்கியது. ஒரு கரடி, எங்களைச் சட்டை செய்யாமல், சப்புக்கொட்டித் தின்றுகொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்குமளவுக்கு அமைதி. வேறு ஒரு ஜீப்கூட வரவில்லை.

அம்மாவைக் கூட்டிப் போவதென்றால் மட்டும் யால. கதிர்காமம் இல்லாத பயணத்துக்கு அவர் வான் வண்டியில் ஏறமாட்டார்.