கருவிழிக் கருவியா, குரல் உதவியா: சோதனைப் பணத்தை எதில் போடுவது?

நலத்திட்டங்களில் புதிய தொழில்நுட்பத்தைச் சோதிக்கப் பணம் கிடைத்தால் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் எதற்கு முதலில் செலவிடலாம்? ரேஷன் கடையில் கைரேகைக்குப் பதிலாகக் கண்ணின் கருவிழியைப் பார்த்து ஆளை அடையாளம் காணும் கருவிக்கா, போனில் கேட்டால் நலத்திட்டம் பற்றிப் பதில் சொல்லும் கணினிக் குரலுக்கா? ஊரில் பலருக்கும் இந்தக் குழப்பம்.

செலவு
கருவிழிக் கருவி: கடைக்குக் கடை வாங்க வேண்டும்.
குரல் உதவி: ஒருமுறை அமைத்தால் மாவட்டம் முழுக்கப் போதும், ஆனால் மாதாமாதம் செலவு உண்டு.

உழைப்பு
கருவி: தூசியும் கைதவறலும்தான் எதிரி.
குரல்: விதி மாறும்போதெல்லாம் பதிலையும் திருத்தணும். இதை மறந்தால் தவறான பதில்தான் போகும்.

எளிமை
2020 அக்டோபரில் ரேஷன் கடைகளுக்குக் கைரேகை முறை வந்தது. புளி உடைத்தே விரல் தேய்ந்த பாட்டி, முந்தானையில் துடைத்துத் துடைத்து வைக்கிறார். ரேகை விழவில்லை. பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. அந்த அவமானம் அவருக்கு வேண்டாம். அங்கே கருவிழிதான் கைகொடுக்கும். கண்புரை முற்றியவர்களுக்கு மட்டும் வேறு வழி தேவை. அஞ்செட்டி மலையில் சிக்னல் இல்லாவிட்டால் இதுவும் நிற்கும்.

குரல் உதவிக்குப் பட்டன் போனே போதும். "பென்ஷன் ஏன் நின்னுச்சு?" என்று கேட்கலாம். தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் கலந்த பேச்சு அதற்குப் புரிகிறதா என்பதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

அரிசி வாங்கவே தடுமாறும் ஊருக்குக் கருவிழி. விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று தாலுகா ஆபீசுக்கு அலைபவர்களுக்குக் குரல். என்னைக் கேட்டால், முதல் பணம் பாட்டிக்குத்தான்.